இருபத்திரண்டாவது விளக்கு

சோபாவின் ஒரு முனையை மருமகளும் மறுமுனையை நாத்தனாரும் பிடித்து, நிலையில் இடிக்காமல் சாய்த்து, வராந்தாவில் கொண்டுபோய் வைத்தார்கள். கூடத்தில் கட்டில் போட இடம் வேண்டியிருந்தது. இருந்தவரை மாமாவுக்கு இத்தனை இடம் தேவைப்பட்டதில்லை. இதே சோபாவின் இடது மூலையில், செய்தித்தாளை எட்டாக மடித்து வைத்துக்கொண்டு, ஒரு பூனை அளவுக்கு உட்கார்ந்திருப்பார்.

“மெதுவா வை. கால்ல போட்டுக்கப் போற,” என்றாள் நாத்தனார். மாமாவின் மூத்த மகள். காலையிலேயே அழுது ஓய்ந்து, இப்போது வேலை பார்க்கிற கட்டத்துக்கு வந்திருந்தாள்.

உள்ளே பெரிய மாமா கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மாமாவின் அண்ணன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் குரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

“தலை சுவர்ப் பக்கம். கால் ஜன்னல் பக்கம். உள்ள நுழையும்போதே முகம் தெரியணும். நாலு மணிக்கு வண்டி. அதுக்குள்ள எல்லாரும் பார்த்துடணும்.”

மணி ஒன்றரை. மாமாவைக் கிடத்தி, வெள்ளைச் சட்டை போட்டு, மார்புவரை வெள்ளைப் போர்வை போர்த்தினார்கள். மருமகள் சுவரோரம் போய் நின்று பார்த்தாள்.

மாமாவின் முகம்தான். ஆனால் மூக்குத் துவாரங்களுக்குள் வெளிச்சம் விழுந்திருந்தது. தாடைக்கு அடியில் பளிச்சென்று இருந்தது. கன்னத்தின் நிழல் கண்ணை நோக்கி ஏறியது. புருவத்தின் நிழல் நெற்றியில் போய்க் கிடந்தது. உதட்டோரம் மேலே இழுபட்டு, யாரையோ ஏளனம் செய்வதுபோல இருந்தது. மாமா வாழ்நாளில் எதையும் ஏளனம் செய்ததில்லை, அத்தையின் சமையலைத் தவிர.

அத்தை சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கதவருகில் நின்றாள். பத்து எண்ணும் நேரம் பார்த்தாள்.

“யாரு இது?” என்றாள்.

“அம்மா...” என்றாள் நாத்தனார்.

“அவரு இல்ல இது.”

திரும்பி நடந்து படுக்கையறைக்குள் போய்விட்டாள். நாத்தனார் பின்னாலேயே ஓடினாள். உள்ளே அவர்கள் பேசியது கூடத்தில் கேட்டது.

“வாம்மா. நாலு மணிக்குக் கொண்டு போயிடுவாங்க. அப்புறம் பார்க்கணும்னாலும் முடியாது.”

“நாப்பத்தாறு வருஷமா பார்த்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? அந்த மூஞ்சியோட நான் இருந்துக்கறேன். இதை ஒரு தடவை சரியா பார்த்துட்டேன்னா அது போயிடும். இதுதான் நிக்கும். வேணாம்.”

“அப்படிச் சொல்லாதம்மா.”

“போடி. வந்தவங்களுக்கு டீ போடு.”

பெரிய மாமா தொண்டையைச் செருமினார். “துக்கத்துல அப்படித்தான் பேசுவாங்க. தானா வந்துடுவா.”

தானாக வரமாட்டாள் என்று மருமகளுக்குத் தெரியும். அத்தை ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதோடு, அத்தை சொன்னது துக்கத்தில் வந்த பேச்சும் இல்லை. அவள் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது.

மருமகளின் தொழில் அது. நாடகங்களுக்கு ஒளி அமைப்பவள். எந்த விளக்கு, எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு, என்ன நிறத்தில் என்று முடிவு செய்பவள். இருட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால்தான் அவளுக்கு அது பிடித்திருந்தது. வெளிச்சத்தில் நாலு பேர் நடுவில் அவளுக்கு வாய் வராது. எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் பெயர் சொல்லவே யோசிப்பாள். காதில் மைக்கை மாட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டால், ஏணியில் நிற்கும் ஆளை மணிக்கணக்காக வேலை வாங்குவாள்.

ஜன்னலைப் பார்த்தாள். உயரம் குறைந்த, அகலமான ஜன்னல். எதிர்வீட்டின் புதிதாக வெள்ளையடித்த சுவரில் வெயில் பட்டு, அப்படியே உள்ளே வந்து, மாமாவின் காலிலிருந்து போர்வை வழியாக ஊர்ந்து தாடையில் ஏறியது. வெள்ளைப் போர்வை அதை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டது.

போய்த் திரைச்சீலையை இழுத்தாள். இருட்டானதும் வாசலுக்கு மேலிருந்த ட்யூப்லைட் தெரிந்தது. அதுவும் கால் பக்கம்தான்.

“ஏம்மா இருட்டாக்குற? முகம் தெரிய வேணாமா?” என்றார் பெரிய மாமா.

அவள் மறுபடியும் திரையைத் திறந்துவிட்டாள்.

*

ஒன்பது வருடத்துக்கு முன்பு, அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கத்தான் மாமா முதன்முதலாக அரங்கத்துக்கு வந்தார். அன்றைக்கு விளக்குகளைத் திருப்பி வைக்கிற வேலை. மேடையில் யாராவது நடிகரின் இடத்தில் நின்றால்தான் வெளிச்சம் முகத்தில் விழுகிறதா, தொப்பையில் விழுகிறதா என்று தெரியும். நிற்க வேண்டியவர் வரவில்லை.

“மாமா, ஒரு நிமிஷம் அந்த டேப் ஒட்டின இடத்துல நில்லுங்களேன்.”

நின்றார். ஒரு நிமிஷம் மூன்று மணி நேரமானது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சொறியவில்லை, கொட்டாவி விடவில்லை. ஏணியில் இருந்த பல்லி அசந்துபோய்விட்டான். பல்லி என்பது அரங்கத்தின் எலக்ட்ரீஷியன். ஐம்பது வயது. எந்தக் கம்பியிலும் ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயர்.

“சார் முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க? சிலையா?”

“செருப்புக் கடை. நாப்பது வருஷம் முக்காலியில உக்காந்து குனிஞ்சே இருந்தாச்சு. அடுத்தவங்க முட்டிக்கு மேல பார்த்ததே இல்ல. இது நல்லா இருக்குப்பா. நிமிர்ந்து நிக்கச் சொல்றாங்க.”

அதற்குப் பிறகு அவள் செய்த எல்லா நாடகங்களுக்கும் அவர்தான் நின்றார். ராஜாவாக நின்றார், வேலைக்காரியாக நின்றார், கிணற்றடியில் காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணாக நின்றார். வெள்ளை உடுத்தி வந்தால் கண் சட்டைக்குத்தான் போகும், முகத்துக்குப் போகாது என்று அவள் ஒரு தடவை தயங்கித் தயங்கிச் சொன்னாள். மறுநாளே பழுப்பு நிறத்தில் இரண்டு சட்டை வாங்கிவிட்டார். வேலைச் சட்டை என்று அதற்குப் பெயர் வைத்தார். வேறு எதற்கும் அதைப் போடமாட்டார்.

ஒரு தொழில் ரகசியத்தையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். விளக்கின் நடுவில்தான் சூடு அதிகம். கண்ணை மூடிக்கொண்டு நின்றால், அந்தச் சூடு முகத்தில் எங்கே விழுகிறது என்று தோலுக்குத் தெரியும். பல்லி விளக்கை மெல்லத் திருப்புவான். மாமா கண்ணை மூடியபடி அறிவித்துக்கொண்டே வருவார்.

“தோள்ல... கழுத்துல... வாய்ல... மூக்குல!”

மூக்கில் வந்துவிட்டால் சரியான இடம். அவள் “பூட்டு” என்பாள். பல்லி ஸ்பானரால் திருகை இறுக்குவான். அடுத்த விளக்கு. புதிதாக வந்த எல்இடி விளக்குகளோடு மட்டும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. “என்ன வெளிச்சம்மா இது, கண்ணை மூடினா நான் எங்க இருக்கேன்னே தெரியல,” என்பார்.

நாடகம் நடக்கும் நாளில் பின்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிப்பார். “அந்தப் பொண்ணு நிக்குது பாருங்க. அது நான் நின்ன இடம்.”

அத்தை ஒரு நாளும் வந்ததில்லை. “எதுக்கு? அவரு நடிக்கிறாரா பாடுறாரா? கம்பம் மாதிரி நிக்கத்தானே போறாரு. வீட்டுல பரண்ல இருந்து ஒரு பெட்டி எடுக்கணும், ரெண்டு நிமிஷம் ஸ்டூலைப் பிடிங்கன்னா கால் வலிக்கும். அங்க போனா வலிக்காது.” சொல்லிக்கொண்டே வேலைச் சட்டையை இஸ்திரி போடுவாள்.

நேற்றுக் காலையில் மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். “இன்னைக்கு வேணாம். ராத்திரி சரியா தூங்கல அவரு.”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டே மருமகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மொத்தம் இருபத்திரண்டு விளக்கு. இருபத்தொன்றாவதைப் பூட்டியதும் மாமா கண்ணைத் திறந்து, “கொஞ்சம் உக்காரட்டாம்மா?” என்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பிளாஸ்க்கைத் திறந்து டீயை மூடியில் ஊற்றினார். அவள் வரைபடத்தில் எதையோ குறித்துவிட்டு நிமிர்ந்தபோது, மூடி சாயாமல் கையில் இருந்தது. டீ சிந்தவில்லை. அங்கேயும் அவர் அசையவில்லை.

வீட்டில் படுத்திருந்தாலும் இதயம் நின்றிருக்கும் என்றார் மருத்துவர். அத்தை அதைக் கேட்டுக்கொண்டாள். அதிலிருந்து மருமகளோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

*

இரண்டு மணிக்கு அரங்கத்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு நகர, பல்லி மட்டும் கட்டிலருகில் நின்றான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். நேராக அவளிடம் வந்தான்.

“என்ன தங்கச்சி இது? கீழ இருந்து அடிக்குது?”

“ஆமா.”

“பேய்க் கதைக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்காங்க மனுஷனை. பார்த்துக்கிட்டு இருக்க?”

அவளுக்குக் கண் கலங்கியது. காலையிலிருந்து முதல் தடவையாக ஒருவர் விஷயத்தைப் பேசுகிறார்.

“அத்தை பார்க்க மாட்டேங்கறாங்க அண்ணே.”

“எப்படிப் பார்ப்பாங்க? எனக்கே என்னமோ பண்ணுது. சரி, என்ன வேணும் சொல்லு.”

அவள் கண்ணை மூடினாள். மனதுக்குள் மாமாவை நிமிர்த்தி நிற்க வைத்தாள். அப்படி நிற்க வைத்தால் கூரைதான் பார்வையாளர் இருக்கும் பக்கம். ஜன்னல் காலடியில் கிடந்தது. அது தலைக்கு மேலே போக வேண்டும்.

“கட்டிலைத் திருப்பணும். தலை ஜன்னல் பக்கம். அப்புறம் ஒரு விளக்கு. பழைய சின்னது. வைக்கோல் கலர் தாள் போட்டு. உயர ஸ்டாண்டு.”

“பத்து நிமிஷம்,” என்று பல்லி கிளம்பினான். அரங்கம் இரண்டு தெரு தள்ளித்தான்.

இனிப் பெரிய மாமாவிடம் பேச வேண்டும். அவர் வராந்தாவில், சோபாவில் உட்கார்ந்திருந்தார். மாமாவின் மூலையில். அவள் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் தனக்குப் பேச்சே வந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

“பெரிய மாமா, கட்டிலைத் திருப்பணும்.”

“என்னது?”

“தலை ஜன்னல் பக்கம் வரணும்.”

“ஏன்? யாரு சொன்னா? எந்த வழக்கத்துல இருக்கு?”

“வழக்கம் இல்ல. வெளிச்சம்.”

“கிடத்தினவனை எழுப்பித் திருப்பி, நாலு பேர் பார்க்க... வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு? இந்த வீட்டிலேயே அங்கதான் அதிகம்.”

“அதிகமா இருக்கு. தப்பான பக்கத்துல இருந்து வருது.”

“வெளிச்சத்துல என்னம்மா தப்பு, சரி?”

நாத்தனார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சூடானது. சொல்லிப் புரியவைக்கிற அளவுக்கு வார்த்தை கையில் இல்லை. போனை எடுத்தாள். வராந்தாக் கதவைச் சாத்தி இருட்டாக்கினாள். டார்ச்சைப் போட்டுத் தன் தாடைக்கு அடியில் பிடித்துக்கொண்டு பெரிய மாமாவைப் பார்த்தாள்.

“ஐயோ!” என்றாள் நாத்தனார்.

பெரிய மாமா சோபாவில் கொஞ்சம் பின்னால் போனார்.

அவள் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, முன்பக்கமாகச் சற்றே ஒதுக்கிப் பிடித்தாள். “இப்ப?”

நாத்தனார் ஓரடி கிட்டே வந்தாள்.

“நீதான்,” என்றாள் நாத்தனார்.

“சூரியன் மேல இருந்து வருது. வீட்டு விளக்கும் மேல இருந்துதான் வருது. மனுஷ முகத்தை நாம அப்படியே பார்த்துப் பழகிட்டோம். கீழ இருந்து வந்தா மூளை அந்த முகத்தை ஒத்துக்காது. தெரிஞ்ச முகமே வேற யாரோ ஆயிடும்.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இவ்வளவு நீளமாக அவள் இந்த வீட்டில் பேசியதில்லை. “அத்தை தப்பாச் சொல்லல. அது மாமா மாதிரி இல்ல. நாம அப்படி வச்சிருக்கோம்.”

பெரிய மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு தவறான விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டதைக் கண்டுபிடித்தவர் போல இருந்தது அவர் முகம்.

“சிரிக்கிற மாதிரி இருக்கேன்னு நானும் நினைச்சேன்,” என்றார் மெதுவாக. “தம்பி அப்படிச் சிரிக்க மாட்டான்.” எழுந்தார். “நாலு பேர் வாங்கப்பா. கட்டிலோட தூக்கணும். இடிக்காம.”

திருப்பினார்கள். ஜன்னலின் வெளிச்சம் இப்போது தலைக்குப் பின்னாலிருந்து வந்து நரைமுடியின் ஓரத்தில் மெல்லிய கோடு போட்டது. முகம் அமைதியாகிவிட்டது. ஆனால் நிழலில் இருந்தது. அவள் திரைச்சீலையைப் பாதி மூடினாள். வாசல் ட்யூப்லைட்டை அணைத்தாள்.

பல்லி விளக்கையும் ஸ்டாண்டையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். “ஃப்ரிட்ஜை அணைச்சுடுங்க. இல்லன்னா ஃபியூஸ் போயிடும். சாருக்கு வெளிச்சம் போட வந்து தெருவையே இருட்டாக்கினோம்னு ஆயிடும்.” வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கீழே குனிந்துகொண்டார்.

தலைமாட்டில், வலது ஓரத்தில், கூரையைத் தொடுகிற உயரத்தில் விளக்கு நின்றது. வைக்கோல் நிறம் போட்டதும் மாமாவின் வலது கன்னத்தில் பழைய பழுப்பு வந்தது. இடது கன்னத்தில் ஜன்னலின் லேசான நீலம். ஒரு பக்கம் சூடான நிறம், மறுபக்கம் குளிர்ந்த நிறம். நடுவில் மூக்கு எழுந்து நின்றது. அவளுடைய ஒளியமைப்புப் படிப்பின் முதல் வாரத்தில் வாத்தியார் போர்டில் வரைந்த படம்தான். ஒன்பது வருடமாக மாமா இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில்தான் நின்றிருக்கிறார்.

ஆனால் அந்த வெள்ளை. போர்வையும் சட்டையும் கண்ணைப் பறித்தன. முகம் அதற்கு அடுத்ததாகத்தான் தெரிந்தது. இன்னும் எத்தனை தடவை இவர்களைத் தொந்தரவு செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்தது. அத்தையின் கை மட்டும் வெளியே நீண்டது. கையில் பழுப்புச் சட்டை. இஸ்திரி போட்டது. இன்னும் சூடு ஆறவில்லை.

“இதைப் போடச் சொல்லு,” என்றாள் அத்தை. “வெள்ளையில வேலைக்குப் போக மாட்டாரு.”

நேற்றிலிருந்து அவளிடம் அத்தை பேசிய முதல் பேச்சு. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. வேலைச் சட்டையைப் பிரித்து அதன்மேல் போர்த்தி, கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, கைகளை அதற்கு மேல் வைத்தாள். போர்வையை இடுப்புவரை இறக்கினாள். நாலு அடி பின்னால் வந்து பார்த்தாள். கண் நேராக முகத்துக்குப் போனது.

மூன்றரை ஆனபோது அத்தை வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கதவருகில், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றாள். பல்லி ஸ்டாண்டைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய பார்வை தலைமுடியின் கோட்டில் தொடங்கி, நெற்றி, மூக்கு, சட்டைப் பொத்தான் என்று இறங்கி, மறுபடியும் முகத்துக்கு ஏறியது.

“இப்படித்தான் நிப்பாரா அங்க?” என்றாள்.

“ஆமா அத்தை. கண்ணை மூடிக்கிட்டு.”

“தூங்குவாரா?”

“இல்ல. கவனிப்பாரு.”

அத்தை கட்டிலருகில் வந்தாள். “நேத்து எத்தனை விளக்கு?”

“இருபத்திரண்டு.” அவள் விளக்கு ஸ்டாண்டைப் பார்த்தாள். “இருபத்தொண்ணு முடிஞ்சுது.”

“ஒண்ணு பாக்கியா?” அத்தை மாமாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். “எதைத்தான் முழுசா முடிச்சிருக்காரு. பாதி பரண், பாதி பெயின்ட்டு.”

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மருமகள் நாற்காலியை எடுத்துப் போட்டாள். அத்தை உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். அவள் அங்கே உட்கார்ந்தாள். வெளியே மருமகளின் கணவன் வண்டிக்காரருக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். வலப்பக்கம், மறுபடியும் வலப்பக்கம், பச்சை கேட்.

அத்தை கையை நீட்டி மாமாவின் நெற்றியில் வைத்தாள். கன்னத்துக்கு இறக்கினாள். விரல் மூக்கின்மேல் வந்து நின்றது.

“இங்க சூடா இருக்கு,” என்றாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ‘பூட்டு’ என்று சொல்ல மருமகள் பல்லியின் பக்கம் திரும்பினாள்.

சுவரோரம் ஸ்பானர் இரண்டு சுற்றுச் சுற்றுகிற ஓசை கேட்டது.